சந்தனமாரி பேரில் ஓர் அறை

சந்தனமாரி தன் புருஷனுக்கு இருக்க இடமும் உண்ணச் சோறும் உடுக்கத் துணியும் தன் சம்பளத்திலிருந்து தருவதாகக் குளிர்தேசத்து அரசாங்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த இடம் இன்ன நீளம் இன்ன அகலம் என்று அளந்தும் காட்டிய மறுநாள் காலை, நந்தவனத் தெருவில் அவள் மாமியார் பேச்சியம்மாள் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே திரும்பியபோது, கூடத்தின் தெற்குச் சுவரில், கருப்பட்டி டப்பா வைக்கிற மாடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு கதவு இருந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஓர் அறை, அறையில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கதவைச் சாத்திவிட்டு, பால்காரர் மணியடித்ததால் போய்ப் பாலை வாங்கி அடுப்பில் வைத்து, அது பொங்கி அடங்கிய பிறகுதான் மகனை எழுப்பினாள்.

மகன் அழகுராசா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஊரைச் சுற்றி மல்லிகைத் தோட்டம். கிணற்று மோட்டார் எரிந்தால் செடி காயும், செடி காய்ந்தால் ஊர் காயும் என்பதால், அவன் கடை வாசலில் பெரிய மனிதர்களும் கைகட்டி நிற்பார்கள். சந்தனமாரி நர்சுக்குப் படித்தவள். கையில் வைத்த மருதாணி அழிவதற்குள் குளிர்தேசத்தில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இல்லமொன்றில் வேலை கிடைத்து விமானம் ஏறியவள், அங்கேயே தங்கும் உரிமையும் வாங்கிக்கொண்டு, இப்போது புருஷனை அழைத்துக்கொள்ள எழுதிப்போட்டிருந்தாள். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் விசாவுக்கு எழுதிப் பார்த்ததில்லை. சம்பளச் சீட்டு, வரி கட்டிய தாள், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வேலை கொடுத்தவரின் கடிதம், தாலி கட்டுகிற போட்டோ, கட்டி முடித்துச் சிரிக்கிற போட்டோ என்று அவள் அங்கிருந்து அனுப்ப அனுப்ப, இ-சேவை மையம் வைத்திருக்கும் கோதண்டம் இங்கே அச்செடுத்து அடுக்கி, எல்லாவற்றையும் தமிழில் வாசித்தும் காட்டினான். அதில் ஒரு தாள், மேற்படி அழகுராசா மேற்படி சந்தனமாரியைச் சார்ந்து வாழ்பவர் என்றது. கோதண்டம் வாசித்தவன் வீட்டோடு விட்டிருக்கலாம். டீக்கடையிலும் வாசித்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நாங்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. மாப்பிள்ளை, பொண்டாட்டி கையெழுத்து போட்டால்தான் சாப்பிடுவீரோ என்று கேட்டோம். காயில் கட்டுகிற கை இனி கரண்டி பிடிக்குமோ என்று கேட்டோம். அழகுராசா செம்புக் கம்பியைச் சுற்றியபடியே சிரித்துக்கொண்டான். பேச்சியம்மாளால்தான் தாங்க முடியவில்லை. விசேஷ வீடுகளில் முன்வரிசையில் உட்காருகிறவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். மகனை வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கூப்பிடுகிறான் என்று உறவுக்காரர்களிடம் புளுகினாள். வீட்டுக்குள் மகனிடம் மட்டும் உள்ளதைக் கேட்டாள்.

“கை காலு விளங்குற ஆம்பளைக்குப் பொம்பள ஜாமீனாடா?”

“ஜாமீன் இல்லம்மா. அவ பக்கத்துல இருக்கணும்னு நெனைக்கிறா. எனக்கும் அதே நெனப்புதான்” என்றான் அழகுராசா. அதற்கு மேல் அவனுக்குப் பேசத் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் கதவு வந்தது. அதன் வழக்கம் நாலைந்து நாளில் எங்களுக்குப் பிடிபட்டது. சந்தனமாரி அங்கே பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் இங்கே கதவு திறக்கும். அவள் திரும்பி வந்து அங்கே சாவியைத் திருகினால் இங்கே வெறும் சுண்ணாம்புச் சுவர்தான். அந்நேரம் உள்ளே யார் இருந்தாலும், ஜன்னலில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளானாலும், போர்வைக்குள் கண்ணயர்ந்துவிட்ட கோதண்டமானாலும், மறு நிமிஷம் பேச்சியம்மாள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் சில்லிப்பு இருக்கும். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் குடியிருந்தார்கள், ஒரே நேரத்தில் மட்டும் இல்லை. அவள் தலையணையில் சூடு ஆறுவதற்குள் அழகுராசா போய் உட்கார்ந்திருப்பான். அறையைச் சூடாக்கும் பெட்டியின் விசிறி கரகரத்ததைக் கேட்டுவிட்டு, அதைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டி வைத்தான். அன்றைக்கு நன்றாகத் தூங்கியதாக அவள் போனில் சொன்னாள்.

வரி வசூலிக்கும் தவமணி கையில் டேப்போடு வந்து சேர்ந்தார். தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாவின் மாட்டுக் கொட்டம். கொட்டத்தை அளந்தார், ஓர் அங்குலம் குறையவில்லை. அறையை அளந்தார், வாடகை ஒப்பந்தத்தில் இருந்த அளவு அப்படியே இருந்தது. கொட்டத்துக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து வேர்த்தும் நடுங்கியும் போனவர், கடைசியில் பேச்சியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். நிலமில்லாத கட்டடத்துக்கு வீட்டு வரி கிடையாது, ஆனால் உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறது, ஆகையால் குடிநீர்க் கட்டணம் உண்டு. யார் பேரில் ரசீது போடுவது என்று கேட்டார். வாடகை கொடுக்கிறவள் சந்தனமாரி என்று நாங்கள் இழுத்தோம். ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் பெண்பிள்ளை பேரில் என்ன ரசீது என்று பேச்சியம்மாள் குறுக்கே விழுந்தாள். அழகுராசா பேரில் ரசீது போட்டார்கள்.

அப்புறம் தெரு அந்த அறைக்குப் பழகிவிட்டது. மல்லிகைக்காரர்களுக்குச் சாமி கொடுத்த வரம் அது. முகூர்த்தமில்லாத நாளில் பூவை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டாம். ஈரத்துணி சுற்றி ஜன்னலோரம் வைத்தால், மூன்றாம் நாள் எடுக்கும்போதும் இப்போதுதான் பறித்ததுபோல் விறைத்துக்கொண்டு நிற்கும். அதில் முதல் ஆள் ராக்கம்மா. அழகுராசா போனில் அனுமதி கேட்டதற்குச் சந்தனமாரி, மெத்தையில் ஈரம் படாமல் வைத்தால் போதும், வேலை விட்டு வந்து கதவைத் திறக்கும்போது வருகிற வாசனையில் கால்வலி தெரியவில்லை என்றாளாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பனி பார்த்துப் படித்தார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்த சம்பந்திகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். எல்லாரும் செருப்பை வாசலில்தான் விட்டோம்.

பேச்சியம்மாள் மட்டும் போகவில்லை. மருமகள் வாங்க என்று சொல்லாமல் மாமியார் அவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு சாக்கு வைத்திருந்தாள். ஒருநாள் சந்தனமாரியே போனில், அயித்தை வந்து பார்த்தார்களா என்று கேட்டுவிட்டாள். இனி என்ன சொல்லித் தப்பிப்பது. தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை உடுத்தி, வெற்றிலை பாக்கு பழத்தோடு, தன் வீட்டுக் கூடத்தைக் கடந்து மருமகள் வீட்டுக்கு முதன்முதலாகப் போனாள்.

ஒரு கட்டில். ஒரு நாற்காலி. ஒரு தட்டு. ஒரு டம்ளர். அது சந்தனமாரியின் அம்மா வீட்டில் பேர் வெட்டிக் கொடுத்த டம்ளர். மூலையில் இருந்த ஷூவின் அடி பிளந்து டேப் ஒட்டியிருந்தது. சுவரில் அவள் வேலைநேரத் தாள் தொங்கியது. கூட வந்த கோதண்டத்தை வாசிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் போகிறாள் அத்தை, பண்டிகையன்றும் போகிறாள், லீவு போட்டவர்களின் முறையையும் சேர்த்துப் பார்க்கிறாள், ஒரு சம்பளம் இரண்டு பேருக்குக் காணும் என்று காட்ட வேண்டுமல்லவா என்றான் கோதண்டம். பேச்சியம்மாள் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒத்த டம்ளர வச்சுக்கிட்டு இருக்காளே. ஒரு ஆளு வந்தா எதுல தண்ணி குடுப்பா?”

மறுநாள் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்து, சட்டியோடு கொண்டுபோய் மேஜையில் மூடி வைத்தாள். கதவு திரும்பத் திறந்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. “அயித்தைகிட்ட சொல்லுங்க, உப்புதான் கொஞ்சம் தூக்கல்” என்று சந்தனமாரி புருஷனிடம் சொன்னாள். பேச்சியம்மாள் அதை நாலு வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். குறை சொல்லும் உரிமையை ஒருத்தி எடுத்துக்கொண்டதில் அப்படிச் சந்தோஷப்பட்ட மாமியாரை நாங்கள் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் குளிர்தேசத்திலிருந்து தாக்கீது வந்தது. சந்தனமாரி காட்டியிருக்கும் இடத்தில் இரண்டு பேர் குடியிருக்க முடியுமா என்று சோதிக்க இன்ன தேதியில் அதிகாரி நேரில் வருவார். கோதண்டம் இதையும் வாசித்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பார்க்க வெளியாட்கள் வருவதென்றால் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டு நாற்காலி வரும், ஒரு வீட்டு ஜமுக்காளம் வரும், ஒரு வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வரும், வந்தவர்கள் போனதும் அதது வீடு திரும்பும். இந்தத் தெருவில் இன்றைக்குக் குடும்பம் நடத்துகிற பாதிப் பேருக்குக் கல்யாணம் கூடியது ராக்கம்மா வீட்டு சோபாவைக் காட்டித்தான்.

அழகுராசா தொலைதூரத் தோட்டத்துக்கு மோட்டார் இறக்கப் போயிருந்தான், இருந்திருந்தால் தடுத்திருப்பான். நாங்கள் மும்முரமாக இறங்கினோம். சோபா போனது. பீரோவைப் படுக்கப்போட்டுத் தூக்கினோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், குத்துவிளக்கு, கிரைண்டர், தண்ணீர் தவலை, பித்தளை அண்டா, அடுக்கடுக்காக எவர்சில்வர் தட்டு, டம்ளர், தூக்குவாளி. சந்தனமாரி கஞ்சிக்கில்லாதவள் என்று எந்தத் தேசத்துக்காரனும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் இன்றைக்கும் எங்களுக்கு வெட்கமில்லை.

வேலை முடிந்து, வாசலில் காத்திருந்த அதிகாரியோடு சேர்ந்து கதவைத் திறந்த சந்தனமாரி, உள்ளே கால் வைக்க இடமில்லாமல் நின்றாள். வந்தவர் மரியாதையான இளைஞர். சோபாவைத் தாண்டி, அண்டாவைச் சுற்றி, எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். ஒரு டம்ளரை எடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்கள் பக்கம் ஏனம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம்; பாத்திரம் இரவல் போனாலும் தன் பேரைக் காட்டி வீடு வந்து சேர வேண்டும். சந்தனமாரி பொய் சொல்லாதவள், அதுவும் கையெழுத்துப் போட்ட காரியத்தில் சொல்லவே மாட்டாள். உடையவர்களின் பேர் என்றாள். அந்தந்தப் பேரை வாசிக்கச் சொல்லி அவர் எழுதிக்கொண்டார். ராக்கம்மா, கோதண்டம், வீரணன், செல்லக்கண்ணு, சௌரியம்மாள் என்று எங்கள் தெருவே அதில் இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இரண்டு பேருக்கான அறையில் பதினேழு பேர் குடியிருக்கிறார்கள் என்று அறிக்கை போனது.

அழகுராசாவைச் சென்னைக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். காகிதம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று கோதண்டம் வீட்டிலிருந்த எல்லாத் தாளையும் கட்டிக் கொடுத்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விசா அதிகாரி அம்மா, டம்ளர் படங்களைப் பரப்பி வைத்து, இவர்களெல்லாம் யார் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அழகுராசா உள்ளதைச் சொன்னான். கதவு, கூடம், மாட்டுக் கொட்டம், மல்லிகை எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மாவுக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்த இருக்கையில் எத்தனை வருஷமாக எத்தனை பேர் கதையைக் கேட்டவரோ. அந்த அறைக்கு உங்கள் ஊரில் ஏதாவது கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டார். இவன் குடிநீர்க் கட்டண ரசீதை எடுத்து நீட்டினான். அவர் அதை மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அறை உங்கள் ஊரில் இருக்கிறது, உங்கள் பேரில் இருக்கிறது, அப்படியானால் உங்களுக்கு இடம் கொடுப்பது நீங்கள்தான், உங்கள் மனைவி அல்ல. ஓர் அறை இரண்டு தேசத்தில் இருக்கச் சட்டத்தில் வழியில்லை, எங்கே இருக்கிறதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எங்கள் ஆள் இன்னொரு முறை பார்ப்பார், அதுதான் கடைசி என்றார்.

ஊர் திரும்பிய அழகுராசா யாரையும் கோபிக்கவில்லை. அதுதான் எங்களைச் சுட்டது. கடையில் ஒரு காயிலைப் பாதி கட்டி அவிழ்த்து, மறுபடி கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான். போனில் சந்தனமாரி சொன்னதைச் சத்தமாக வைத்துத் தெரு முழுக்கக் கேட்டோம்.

“எல்லாரும் எனக்காகத்தான் செஞ்சீக, தெரியும். ஆனா நான் ஒருத்தி பாத்துக்கிறேன்னு எழுதிக் குடுத்துருக்கேன். பாத்துக்கிருவேன். என் ரூம எனக்குக் குடுத்துருங்க.”

தை பிறக்கப் போகிறது. தை மாதம் முழுக்க முகூர்த்தம். அந்த அறை இருந்தால் மல்லிகைக்காரர்களுக்கு ஒரு வருஷச் சாப்பாடு. எல்லாரும் ராக்கம்மா முகத்தைப் பார்த்தோம். அதிகம் இழக்கப் போகிறவள் அவள்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போய், தன் பூக்கூடையை இடுப்பிலும் டம்ளர் அடுக்கைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“நம்ம வீட்டுப் பிள்ள கையெழுத்து போட்டுருக்கா. அதுக்கு முன்னால நம்ம ஏனம் நின்னு பேசக் கூடாது.”

அதற்குப் பிறகு யார்தான் உள்ளே போகாமல் இருப்போம். அண்டா வந்தது, பீரோ வந்தது, சோபா வந்தது, சிந்திக் கிடந்த ஒரு மல்லிகை மொட்டைக்கூட விடாமல் பொறுக்கினோம். பேச்சியம்மாள் தன் டம்ளர் ஒன்றை மட்டும் அந்த ஒற்றை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, கடைசி ஆளாக வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். விடிந்தபோது சுவர் இருந்தது. சந்தனமாரி வேலைக்குப் போன பிறகும் சுவராகவே இருந்தது. அதைப் பார்த்துப் பேச்சியம்மாள் அழுதாள், அழகுராசா பார்க்காததுபோல் இருந்தான்.

இரண்டாவது சோதனைக்கு அதே இளைஞர் வந்தார் என்று சந்தனமாரி சொன்னாள். ஒரு கட்டில், இன்னொரு நாற்காலி, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். புது டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த ஊரில் பேர் வெட்ட ஆள் கிடையாது. ஊக்கு முனையால் அவளே கீறி வைத்திருந்தாள். இது யாருடைய பேர் என்று கேட்டிருக்கிறார். வரப்போகிறவருடையது என்றிருக்கிறாள். அந்த டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இரண்டு பேருக்கான அறை என்று எழுதிக்கொண்டு போனார்.

விசா வந்தது. மூன்று எட்டில் போயிருக்கக்கூடிய அறைக்குக் கடல் தாண்டிப் போகக் கிளம்பினான் அழகுராசா. புகுந்த வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவதுபோல் மேளம் வைத்து பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டோம். கேலிக்காகத்தான் வைத்தோம், ஆனால் மேளம் அடிக்க ஆரம்பித்ததும் எங்கள் நெஞ்சு தானாக நிமிர்ந்துகொண்டது. எந்தக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது என்று பஸ்ஸில் யாரோ கேட்டதற்கு, வழியனுப்பக் கூடவே ஏறியிருந்த பேச்சியம்மாள், கம்பெனியும் இல்லை கிம்பெனியும் இல்லை, என் மருமகள் சோறு போடுவதாக அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள், நீ அப்படி யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறாயா என்று கேட்டாள். கேட்டவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

வருஷக் கடைசியில் தவமணி வந்தார். அறை இல்லாததால் பேரை அடித்துவிடலாம் என்று ரசீதுப் புத்தகத்தை விரித்தார். பேச்சியம்மாள் அவர் கையைப் பிடித்துத் தெற்குச் சுவரில் வைத்தாள். பங்குனி வெயிலிலும் சுவர் சில்லென்று இருந்தது; அதில் முத்து முத்தாக நீர் கோத்து வழிந்து, கீழே ராக்கம்மா சாத்தி வைத்திருந்த பூக்கூடைகளை நனைத்துக்கொண்டிருந்தது. தவமணி சட்டம் தவறாதவர். யோசித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் இருப்பதால் கட்டணம் உண்டுதான், அதே பேரில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார்.

“அந்தப் பேர அடி. சந்தனமாரின்னு எழுது.”

பொம்பிளை பேர் என்றால் புருஷன் பேரும் சேர்த்து எழுத வேண்டுமே என்றார் தவமணி.

“எழுதிக்க” என்றாள் பேச்சியம்மாள். “அழகுராசா, சந்தனமாரி வீட்டுக்காரன். அவ வீட்டுலதான் இருக்கான்னு அதையும் எழுது.”